பன்னிரண்டு விநாடி ஆறு

ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம்.
பன்னிரண்டு விநாடிக்கு எத்தனை என்று
கணக்குப் போட்டால் தூக்கம் போய்விடும்.
நரீன் நகரத்துப் பள்ளியொன்றில்
புவியியல் நடத்தும் ஷைலோபெக்
சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு
ஆற்றை வளைக்க உட்காருகிறார்.

நிஜமான ஆறு சன்னலுக்கு இருநூறடி தள்ளி
ஓரம் உறைந்து ஓடிக்கொண்டிருக்கிறது.
பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் ஆகாதா?
ஆகாது.
ஒரு வளைவை அறுத்துக்கொள்ள அதற்கு நூறு வருடம் வேண்டும்.
எட்டாம் வகுப்புக்கு இருப்பது நாற்பத்தைந்து நிமிடம்,
வருகைப் பதிவு போக முப்பத்தெட்டு.

மென்பொருள் இலவசம்.
ஆகவே ஆற்றின் நடுவே சாய்வாக
‘சோதனைப் பதிப்பு’ என்று மிதக்கும்.
முந்தைய படம் அடியில் மங்கித் தெரிகிற வசதிக்கு
வெங்காயத்தோல் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.
நேற்றைய கரைமேல் இன்றைய கரையை
ஒரு மயிரிழை தள்ளி வரைகிறார்.
வெளிக்கரையில் கொஞ்சம் அரிப்பு,
உள்கரையில் கொஞ்சம் மணல்,
மறுபடி, மறுபடி.
ஒன்பதாம் விநாடியில் கழுத்து அறுந்து
ஆறு நேராகப் போய்விடும்;
விட்டுப்போன வளைவு
குதிரைக் குளம்பு ஏரியாய்க் கிடக்கும்.
(குதிரையேறிப் பள்ளிக்கு வருகிற திலெக்குக்கு
அந்த வடிவத்தை விளக்க வேண்டியதில்லை.)

பிறகு திரைப்பதிவு.
சிவப்புப் பொத்தானை அழுத்தி, தொண்டையைச் செருமி,
கண்ணைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு பேசினார்.
ஒரே மூச்சில் சரியாக வந்துவிட்டது,
கெட்டில் கூவியதைத் தவிர.

வகுப்பில் ஓட்டும்போது அவர் திரையைப் பார்ப்பதில்லை,
முகங்களைப் பார்ப்பார்.
ஒன்பதாம் விநாடியில் இருபத்தாறு முகமும்
ஒரே நேரத்தில் மாறின.
பாடம் பிடித்துவிட்டது என்று நினைத்தார்.
மூன்று முறை திரும்ப ஓட்டினார்.

தேர்வில் கேள்வி நான்கு:
குளம்பு ஏரி உருவாவதை வரைக.
திலெக் ‘சோதனைப் பதிப்பு’ என்பதையும்
எழுத்துப் பிசகாமல் ஆற்றில் விட்டிருந்தான்.
சிரித்துக்கொண்டே அரை மதிப்பெண் குறைத்தார்.
அய்ஸிரெக்கின் தாளில்
ஆறு, அறுந்த கழுத்து, ஏரி,
வலது மேல்மூலையில் ஒரு சின்னப் பெட்டி.
அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தாள்.
பெட்டிக்குள் ஒன்றும் எழுதவில்லை.

அன்றிரவுதான் தன் பாடத்தைத் தானே பார்த்தார்.
ஒன்பதாம் விநாடி, வலது மேல்மூலை,
எகடெரின்புர்கில் ரொட்டிக்கடையில் நிற்கும் புருல்சா:
‘இந்தக் கோடையிலும் லீவு இல்லை.
நான் வரப்போவதுமில்லை.
என் குளிர்கோட்டை யாருக்காவது கொடுத்துவிடு.’
மூன்று விநாடி நின்று
தானாக மடிந்துகொண்டது.

வகுப்பில் பாதிப்பேரின் அம்மாவோ அப்பாவோ
அதே திசையில்தான் இருக்கிறார்கள்.
அய்ஸிரெக்குக்கு இருவருமே.

வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோல் குறியை எடுத்தார்.
வெட்டினால் கழுத்து அறுகிற இடமும் போகிறது;
வளைந்து வளைந்து வந்த ஆறு
காரணமே இல்லாமல் நேராகிவிடுகிறது.
திரும்பப் பதியலாம்.
நான்கு முறை பதிந்தார்.
‘கழுத்து’ என்ற இடத்தில் குரல் நிற்கவில்லை.

கடைசியில் பெட்டியின் மேல் ஒரு மேகம் வரைந்து
மூன்று விநாடி நிற்கவைத்தார்.

அடுத்த வருடத்து எட்டாம் வகுப்பில்
பின்வரிசைப் பையன் எழுந்தான்.
‘அகாய், அறுகிறபோது மட்டும் மேகம் ஏன் வருகிறது?’
‘மேலே மலையில் மழை’ என்றார்.
‘வெள்ளம் வந்தால்தான் கழுத்து அறும்.’
சொன்ன பிறகுதான் யோசித்தார்,
அது சரியான விடையும்கூட.

தேர்வுத்தாள் முப்பதிலும் மேகம்.
சிலர் மழைக்கோடும் போட்டிருந்தார்கள்.
கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில்.
சிவப்புப் பேனாவைத் திறந்து
விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தார்:
மேகத்துக்கு அரை மதிப்பெண்.